யாழ்ப்பாணத்தார் பேக்கரியும் இரண்டு நாட்டு ரூபாயும்

டெல்லியில் இந்திய ரூபாயின் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள் என்று ரேடியோ சொன்ன 1966 ஜூன் மாதத்துத் திங்கட்கிழமை காலையில், வேதாரண்யம் கடைத்தெருவுக்குப் பின்னால் பேக்கரி வைத்திருந்த வல்லிபுரம் பாயை விட்டு எழுந்து, வழக்கம்போலக் கண்ணைக் கசக்கிக்கொண்டே அடுப்படிக்குப் போனபோது, நிலைப்படியின் மேல்கட்டை அவர் நெஞ்சில் இடித்தது. நெற்றியில் இடித்திருந்தால்கூட யாருக்காவது ஆச்சரியம் வந்திருக்கும். நெஞ்சில் இடித்ததால், கட்டைதான் இறங்கிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"என்னாங்க, பாத்து வரக் கூடாதா?" என்று திரும்பிய அவர் மனைவி குஞ்சரம், புருஷனின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் அவர் இடுப்பு வேட்டியின் முடிச்சைக் கண்டு, மெல்ல நிமிர்ந்து பார்த்துக்கொண்டே போய், ஓட்டுக்கு அடியில் ஒட்டடைக்குள் கிடந்த முகத்தைக் கண்டுபிடித்தாள்.

"குஞ்சரம், வீடு சுருங்கிப் போச்சுதோ?" என்று மேலேயிருந்து கேட்டார் அவர்.

"வீடு அப்படியேதான் இருக்கு. வேட்டிதான் முழங்கால்ல நிக்கிது" என்றாள் அவள்.

வல்லிபுரம் கடலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்காரர். உறவுக்காரர் ஒருவரின் கல்யாணத்துக்குத் தோணியில் வந்தவர், அங்கே பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த குஞ்சரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும் தோணியைத் தவறவிட்டார், அடுத்த தோணியையும் தவறவிட்டார், மூன்றாவது தோணி புறப்படும்போது அவளையே கட்டிக்கொண்டு, பாண் என்று அக்கரையில் சொல்லும் ரொட்டியைச் சுடத் தெரிந்த கையை வைத்து இங்கேயே கடை போட்டுவிட்டார். அந்தக் காலத்தில் சிலோன் ரூபாயும் இந்திய ரூபாயும் ஒன்றுக்கு ஒன்று. புருஷனும் பெண்சாதியும் ஐந்தடியில் ஒரே உயரம். கல்யாணப் படம் எடுக்க வந்தவர் யாரையும் ஸ்டூலில் ஏறச் சொல்லவில்லை.

குஞ்சரத்தின் தாய்மாமன் வைத்திலிங்கம் புகையிலை வியாபாரி, அக்கரையோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவர். அவர் வந்து மாப்பிள்ளையைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். இரண்டு யுத்தம், இரண்டு வருஷம் மழை இல்லை, வெளிநாட்டில் கோதுமைக்குக் கையேந்தினால் கொடுப்பவன் ரூபாயைக் குறை என்கிறான், குறைத்துவிட்டார்கள் என்று ஊர் நிலவரத்தை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "நேத்து வரைக்கும் சிலோன் ரூபா ஒண்ணுக்கு நம்ம ரூபா ஒண்ணு. இன்னிலேருந்து ஒண்ணரைக்கு மேல. மாப்பிள்ளை சிலோன்காரரு. கணக்கு சரியாத்தானே இருக்கு?" என்றார்.

கணக்கு சரியாக இருந்ததால் ஊர் அத்தோடு அதை விட்டுவிட்டது. அக்கரையிலிருந்து வந்து குடியேறிய மற்றவர்களில் ஒருவர்கூட ஏன் ஒரு விரற்கடை வளரவில்லை என்று உப்பளத்து மேஸ்திரி ஒருவர் மட்டும் கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை, ஏனென்றால் வல்லிபுரத்துக்கு வேலை குவிந்துவிட்டது. கோயில் திருவிழாவுக்குத் தோரணம் கட்ட அவரைக் கூப்பிட்டார்கள். தெருவிளக்கு பல்பு மாற்ற மின்சார ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. பட்டம் சிக்கிய பிள்ளைகள் மரத்தில் ஏறுவதை விட்டுவிட்டுப் பேக்கரி வாசலில் வரிசையில் நின்றார்கள். முடிவெட்டுபவர் திண்டாடி, கடைசியில் அவரைத் தரையில் உட்காரவைத்துத் தான் பெஞ்சில் ஏறி நின்று வெட்டினார். டூரிங் டாக்கீஸில் அவருக்கென்று கடைசி வரிசைக்கும் பின்னால் ஒரு மணல்மேடு ஒதுக்கினார்கள். கலெக்டர் வந்தபோது பஞ்சாயத்துத் தலைவர் ஓடிவந்து, "யாழ்ப்பாணத்தாரே, கலெக்டர் போற வரைக்கும் கொஞ்சம் உக்காந்துக்குங்க, அவரு சின்னதாத் தெரியிறாரு" என்று கெஞ்சினார்.

குஞ்சரம் அக்கம்பக்கத்துப் பெண்களிடம் அலுத்துக்கொண்டாள். ஒரு வேட்டிக்கு ஒன்றரை வேட்டி வாங்க வேண்டியிருக்கிறது, ஒரு வார்த்தை ரகசியமாகச் சொல்ல வேண்டுமென்றால் முக்காலி தேட வேண்டியிருக்கிறது என்றாள். ஆனால் சந்தைக்குப் போகும்போது அவர் நிழலிலேயே நடந்து போய், நிழலிலேயே திரும்பி வந்தாள், அந்த வருஷம் வெயில் அவள்மேல் படவே இல்லை.

மறுவருஷம் நவம்பரில், லண்டனில் பவுனின் மதிப்பைக் குறைத்த சூட்டோடு கொழும்பிலும் ரூபாயைக் குறைத்தார்கள், வல்லிபுரம் ஒரே வாரத்தில் ஆறடிக்குப் பக்கமாக இறங்கினார். அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு சுண்டுவிரல் நீளம் என்று, சிலோன் ஸ்ரீலங்கா என்று பேர் மாறியபோதும் நிற்காமல், அரிசியும் கோதுமையும் அங்கே தட்டுப்பாடானபோதும் நிற்காமல், இறங்கி இறங்கி, எழுபதுகளின் நடுவில் மறுபடியும் குஞ்சரத்தின் காதுக்கு நேராக வந்து நின்றார். பெரிய வேட்டிகளைக் கிழித்து மகன் தில்லைநாதனுக்குக் கால்சட்டை தைத்தாயிற்று. அப்பாடா என்று குஞ்சரம் முக்காலியைப் பரணில் போட்டாள்.

1977 நவம்பரில் கொழும்பில் புதிதாக வந்த அரசாங்கம் கதவுகளையெல்லாம் திறந்துவிட்டு, ரூபாயைப் பிடித்திருந்த கையையும் விட்டது. அன்றைக்குப் பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டிருந்த வல்லிபுரம், பிசையப் பிசையத் தொட்டி உயர்ந்துகொண்டே போவதைப் பார்த்தார். கையை எடுத்தபோது தொட்டியின் விளிம்பு அவர் மூக்குக்கு நேராக இருந்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த தில்லைநாதனுக்கு அப்போது பத்து வயது. அவன் அப்பாவைப் பார்த்தான், அப்பா அவனை நிமிர்ந்து பார்த்தார். பையன் உள்ளே போய், தனக்குச் சிறிதாகிப்போன பழைய சட்டையை எடுத்து வந்து நீட்டினான்.

"அளவு சரியே?" என்று போட்டுக்கொண்டு கேட்டார் வல்லிபுரம்.

"கை கொஞ்சம் நீளம்ப்பா. மடிச்சு விட்டுக்கோ" என்றான் மகன். பிறகு புழக்கடைக்குப் போய் அழுதான். குஞ்சரம் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தாள், ஏனென்றால் அவளும் அங்கே அழத்தான் போயிருந்தாள்.

ஊர் அதையும் உள்ளே வாங்கிக்கொண்டது. பஸ்ஸில் கண்டக்டர் முழு டிக்கெட் கொடுப்பதா அரை டிக்கெட் கொடுப்பதா என்று தவித்து, கடைசியில் டிக்கெட்டே கொடுப்பதில்லை என்று முடிவு செய்தார். வல்லிபுரம் விளக்குமாற்றோடு போறணை அடுப்புக்குள்ளேயே நடந்து போய்ச் சாம்பலைச் சுத்தமாகக் கூட்டிவிட்டு வெளியே வந்தார், அதனால் அந்தக் காலத்துப் பாண் போல அடிப்பக்கம் கரியே இல்லாத பாணை அதற்கு முன்னும் பின்னும் யாரும் தின்றதில்லை. அவரிடம் பேச வேண்டுமென்றால் தலைக்கு மேலே நின்று பேசுவது மரியாதை இல்லை என்று முதலில் வைத்திலிங்கம் மாமா குத்தவைத்து உட்கார்ந்தார், பிறகு தெருவே உட்கார்ந்தது. நாளாக ஆக அது பழக்கமாகி, வல்லிபுரம் இல்லாத இடத்திலும் முக்கியமான விஷயம் பேசுகிறவர்கள் உட்கார்ந்துதான் பேசினார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் உட்கார்ந்தார்கள், கோர்ட் வாசலில் வக்கீலோடு உட்கார்ந்தார்கள். உட்கார்ந்து பேசியதில் பாதிச் சண்டை குறைந்துவிட்டதாக வேதாரண்யம் ஸ்டேஷனில் ஏட்டு ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார்.

பிறகு எண்பத்து மூன்று வந்தது. அக்கரையிலிருந்து படகுகளில் ஜனங்கள் வந்து இறங்கினார்கள், நனைந்த மூட்டைகளோடு, சிலர் மூட்டையும் இல்லாமல். வல்லிபுரம் ஒரு கூடை பாணைத் தலையில் வைத்துக்கொண்டு மணலில் ஒவ்வொருவரிடமாகப் போய், "பருத்தித்துறை ஆக்கள் ஆரும் இருக்கிறியளோ? பவளராணியைத் தெரியுமோ?" என்று தன் தங்கையின் பேரைச் சொல்லிக் கேட்டார். யாரும் அவர் உயரத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒரு கிழவர் மட்டும் பாணைப் பிய்த்துக்கொண்டே, அவள் இருக்கிறாள், வீட்டுக்கு ஓடுதான் இல்லை என்றார்.

அதற்கப்புறம் வருஷக்கணக்கில் கடிதம் இல்லை, தோணி இல்லை. தில்லைநாதன் வளர்ந்து, மீசை வைத்து, பேக்கரிக் கணக்கை எடுத்துக்கொண்ட பிறகு ஒருநாள் அப்பாவிடம் குத்தவைத்து உட்கார்ந்து பேசினான். அம்மா இந்தியாக்காரி, அதனால் அப்பா மனு எழுதிக் கொடுத்து இந்தியர் ஆகிவிடலாம், ஆகிவிட்டால் அம்மா உயரத்துக்கு வந்து அசையாமல் நிற்கலாம் என்றான்.

"மாட்டன்" என்றார் வல்லிபுரம்.

"ஏம்ப்பா இந்தப் பிடிவாதம்?"

"அங்காலை இருந்து எனக்கு ஒரு சேதியும் வாறேல்லை மகன். இந்த உடம்பு ஒண்டுதான் சேதி. குறையுது எண்டால் கஷ்டப்படுதுகள் எண்டு தெரியும். நான் கண்ணுக்குத் தெரியிற வரைக்கும் அங்கை ஊர் எண்டு ஒண்டு இருக்குது. கையெழுத்துப் போட்டிட்டு ஐஞ்சடியிலை நிண்டு நான் எதைப் பாக்கிறது?"

தில்லைநாதன் எழுந்து போய்விட்டான்.

1991 ஜூலையில் இந்தியா தங்கத்தை அடகு வைத்து, ரூபாயை ஒரே வாரத்தில் இரண்டு தடவை குறைத்தது. வல்லிபுரமும் அதே வாரத்தில் இரண்டு தவணையாக அரைச் சாண் உயர்ந்தார். கண்ணாடிக்கு முன்னால் நின்று தலை சீவிக்கொண்டே, "இஞ்சாரும் குஞ்சரம், வளந்திட்டன் போல கிடக்கு" என்றார்.

மைதா மூட்டையின் புது விலையைக் கேட்டுவிட்டு அப்போதுதான் கடையிலிருந்து வந்திருந்தாள் அவள். "நீங்க ஒண்ணும் வளரல. நாங்கதான் எறங்கிட்டோம். சந்தோஷத்தைக் கொஞ்சம் மெதுவாப் படுங்க" என்றாள். ஆனால் அன்றைக்குப் பாயசம் வைத்தாள்.

இப்படி ஏறி, இறங்கி, இறங்கி, இறங்கி, கிழவர் ஆனார். குஞ்சரமும் கிழவி ஆனாள். உலகத்தையே வியாதி மூடிய இரண்டு வருஷம் முடிந்த கையோடு, 2022இல், ஸ்ரீலங்காவிடம் டாலர் தீர்ந்துபோனது. பெட்ரோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை என்று டிவியில் காட்டக் காட்ட, பாதிக்கும் கீழே போயிருந்த வல்லிபுரம் பாதியிலும் பாதி ஆகி, மாம்பூ உதிர்கிற நேரத்தில் தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் நின்றால் அடையாளம் தெரியும் அளவுக்கு, ஓரடிக்கு வந்துவிட்டார். குஞ்சரம் பூனையை அக்கா வீட்டுக்கு அனுப்பினாள். மின்விசிறியை ஒன்றுக்கு மேல் வைக்கக் கூடாது என்றாள். தெருப்பெண்கள் முறை போட்டு வந்து அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டினார்கள், அந்தப் பேப்பரைத் தூக்க அவரால் முடியவில்லை.

அப்படியிருக்க ஒருநாள் காலை, மொட்டைமாடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்த வல்லிபுரத்தை ஒரு பருந்து சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

கடைத்தெருவே அண்ணாந்து பார்த்தது. அவர் வானத்தில் கைகால் உதறிக்கொண்டு, "விடடா! நான் வல்லிபுரமடா!" என்று பருந்தை அதட்டியது கீழே நன்றாகவே கேட்டது. பருந்து அதைக் கேட்டோ, சட்டை கிழிந்தோ, அவரைத் தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தில் போட்டது. தீயணைப்பு வண்டி வந்து இறக்கியது. அன்று மாலை வரை ஊர் சொல்லிச் சொல்லிச் சிரித்தது, வல்லிபுரமே வந்தவர்களிடம் கோயில் கோபுரத்தை மேலேயிருந்து பார்த்த கதையைச் சொல்லிச் சிரித்தார். குஞ்சரம் மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு அவரை உள்ளங்கையில் உட்காரவைத்து, வேப்பம்பட்டை கீறிய காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள்.

"வலிக்குதா?"

"இல்லை."

"பொய் சொல்லாதீங்க."

"கொஞ்சம்."

"கப்பல் விடப் போறாங்களாம் நாகப்பட்டினத்துலேருந்து. விட்டா நாம போவோம். உங்க ஊருக்கு."

வல்லிபுரம் மஞ்சள் பூசிய காலை நீட்டிப் பார்த்தார். பிறகு, "அங்கை போனால் நான் பழையபடி ஆகிடுவன். அந்த மண்ணிலை அந்த ரூபாய்தான் அளவு. ஆனால் உமக்கு என்ன ஆகுமெண்டு யோசிச்சனீரோ?" என்று கேட்டார்.

"யோசிச்சேன். தில்லை கணக்குப் போட்டுச் சொன்னான். பனைமரத்துல பாதி இருப்பேனாம்."

"ஆக்கள் பார்ப்பினம் குஞ்சரம்."

"பாக்கட்டும். உங்களை இங்க எவ்வளவு பேரு பாத்தாங்க! நான் அறுபது வருஷமா அஞ்சடியிலயே நின்னு, ஏறுறதும் எறங்குறதும் நீங்கதான்னு வேடிக்கை பாத்தவ. ஒரு பருந்து தூக்கிட்டுப் போற வரைக்கும் எனக்குப் புத்தி வரல. நானும் கொஞ்சம் அசைஞ்சு பாக்குறேன்."

கப்பல் ஒன்றரை வருஷம் கழித்துத்தான் விட்டார்கள். அதற்குள் அவர் ஒரு விரல் உயர்ந்திருந்தார், அவ்வளவுதான். செய்தி தெரிந்ததும் தெருப்பெண்கள் ஆளுக்கு ஒரு சேலை கொண்டுவந்தார்கள். கல்யாணச் சேலை கொடுத்தவள் இருந்தாள், ரேஷன் சேலை கொடுத்தவள் இருந்தாள். எல்லாவற்றையும் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்து, அகலத்துக்கு அகலம் கூட்டி, மூட்டையாகக் கட்டி, மாட்டுவண்டிச் சக்கரம்போல உருட்டிக்கொண்டு போய்க் கப்பலில் ஏற்றினார்கள். பேக்கரி மகன் பொறுப்பு. நாகப்பட்டினத்தில் அதிகாரி வல்லிபுரத்தின் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், கூடைக்குள் இருந்தவரைப் பார்த்தார், மூஞ்சி ஒன்றாக இருக்கிறது என்று முத்திரை குத்தினார்.

கரை மறைந்து சிறிது தூரம் போனதும் கூடை பிதுங்கத் தொடங்கியது. குஞ்சரம் அவரைத் தூக்கி நிறுத்தி, கொண்டுவந்திருந்த வேட்டியைச் சுற்றினாள். அவர் முழங்காலுக்கு வந்தார், இடுப்புக்கு வந்தார், நடுக்கடலில் ஒரு நேரம் அவள் கண்ணுக்கு நேராக வந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் முகத்தில் இவ்வளவு சுருக்கம் விழுந்திருப்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் கண்ணில் புரை விழுந்திருப்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"கிழவனாப் போயிட்டீங்க" என்றாள்.

"நீரும்தான்" என்றார்.

அதற்குள் அவர் நின்றுவிட்டார், அவள் வளரத் தொடங்கினாள். கப்பல் ஆட்கள் அவளை மேல்தளத்துக்கு நடுவில் உட்காரவைத்தார்கள், கப்பல் ஒருபக்கம் சாயக் கூடாது என்று கேப்டன் நயமாகக் கேட்டுக்கொண்டார். தெருப்பெண்களின் சேலை பிரியப் பிரிய, நைலக்ஸும் சுங்கடியும் பட்டுமாக அவள் உயர்ந்துகொண்டே போனாள். காங்கேசன்துறை வெளிச்சவீட்டைக் கப்பலில் இருந்தவர்களில் முதலில் பார்த்தவள் அவள்தான். இறங்கியதும் அங்கேயிருந்த அதிகாரி அண்ணாந்து, "அம்மா, ஒருக்கா குனிஞ்சு முகத்தைக் காட்டுங்கோ" என்றார். காட்டினாள். முத்திரை குத்தினார். லொறியில் ஏற்றிப் பருத்தித்துறைக்குக் கொண்டுபோனார்கள், வழியெல்லாம் மின்கம்பிகளை அவளே ஒரு குச்சியால் தூக்கிவிட்டுக்கொண்டாள்.

பவளராணி வாசலில் நின்றாள். அண்ணனைக் கட்டிக்கொண்டு ஒருபாட்டம் அழுதுவிட்டு, அறுபது வருஷம் போட்டோவில் மட்டும் பார்த்த மச்சாளை மேலே பார்த்து, "வாங்கோ மச்சாள். வீட்டுக்குள்ளை கூப்பிடத்தான் விருப்பம்" என்று தயங்கினாள்.

"அதனால என்ன, முற்றம் நல்லாக் காத்தா இருக்கு" என்று குஞ்சரம் மாமரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

பருத்தித்துறையும் கணக்கைக் கேட்டுக்கொண்டு, சரியாக இருந்ததால் விட்டுவிட்டது. நாலு பேர் சாப்பாட்டை ஒருத்திக்குப் போட வேண்டுமே என்று பவளராணியின் மருமகன் முணுமுணுத்தது உண்மை. குஞ்சரத்துக்கு அது காதில் விழுந்தது, அந்த உயரத்தில் எல்லாமே காதில் விழுந்தது. மறுநாளே மண் குழைத்து ஆள் நுழையும் அளவுக்குப் போறணை கட்டினாள். வல்லிபுரம் மாவு பிசைந்தார், அவள் கையாலேயே உள்ளே தள்ளி எடுத்தாள். விடியும்போது பாண் விற்கச் சைக்கிள் இல்லை, மணி இல்லை. இருந்த இடத்திலிருந்து கையை நீட்டி, ஒழுங்கைச் சந்துக்கு அந்தப் பக்கத்து வீட்டு மதில்மேல்கூடச் சுடச்சுடப் பாணை வைத்தாள். பட்டத் திருவிழாவில் கயிறு அறுந்த பட்டங்களைப் பிடித்துக் கொடுத்தாள். யார் வீட்டு ஓடு எந்த இடத்தில் ஒழுகும் என்பதை வீட்டுக்காரருக்கு முன்னால் சொன்னாள். முதல் ஒரு மாதம் அவளைக் கண்டு குரைத்த நாய்கள், பிறகு அவள் நிழலில்தான் படுத்தன.

அவளுக்கு அந்த உயரம் பிடித்துப்போயிற்று. தெளிவான நாளில் வடமேற்கே, கடல் வளைகிற இடத்தில், கோடிக்கரைக் காடு ஒரு மைக்கோடுபோலத் தெரிவதாகச் சொல்வாள். அதற்கும் அப்பால் மகன் பேக்கரிப் புகை தெரிகிறது என்பாள். அது மேகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் ஸ்ரீலங்கா ரூபாய் மெல்ல மெல்லத் தேறத் தொடங்கியது. வரிசைகள் குறைந்தன. பால்மா கடையில் கேட்டவுடன் கிடைத்தது. குஞ்சரத்தின் சேலையின் கீழ்க்கரை தரையில் புரளத் தொடங்கியது.

காலையில் பாண் வேலை முடிந்ததும் வல்லிபுரம் ஏணியைக் கொண்டுவந்து அவள் தோளில் சாய்த்து, ஏறி, பவளராணி கட்டிக்கொடுத்த மல்லிகைச் சரத்தை அவள் கொண்டையில் வைத்துவிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை, வழக்கமாக ஏறும் படிக்கு ஏறியபோது அவர் கை கொண்டையைத் தாண்டி வெறும் காற்றில் நின்றது. ஒரு படி கீழே இறங்கினார்.

"குஞ்சரம், நீர் குறையிறீர்."

"தெரியும். கோடிக்கரை மறைஞ்சு நாலஞ்சு நாளாச்சு."

"சொல்லேல்லையே?"

"சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு."

"உமக்குக் கஷ்டமில்லையே?"

மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரி, கடைக்குப் போய் வந்த பையிலிருந்து சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படியில் வைத்துக்கொண்டிருந்தாள், பால்மா ஒரு பெட்டி, அதற்குப் பிறகு யோசித்து வாங்கியதுபோல இன்னொரு பெட்டி. குஞ்சரம் மேலேயிருந்து அதைப் பார்த்தாள்.

"இருக்கு" என்றாள். "மகன் ஊரு தெரியாதுல்ல. ஆனா ஏறட்டுங்க, அவங்க ரூபா ஏறட்டும். நான் எறங்கிக்கிறேன். பூவை வையுங்க, கை வலிக்கப் போவுது."

அவர் வைத்தார். வைத்துவிட்டு உடனே இறங்காமல், புதுப் படியில் நின்றபடி, ஒரு கையால் ஏணியையும் ஒரு கையால் அவள் தோளையும் பிடித்துக்கொண்டார். குஞ்சரம் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள், "மத்தியானத்துக்கு என்ன வைக்கட்டும்? ரெண்டு பேருக்கும் சேத்து இனிமே கொஞ்சம் கொறைச்சே ஒலை வைக்கலாம்."